பாட்டியின் இரட்டை வட முத்து மாலையை எப்படி மதிப்பிடுவது?

மன்னார்குடியிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாட்டி விட்டுச் சென்ற இரட்டை வட முத்து மாலையை நீங்களும் உங்கள் தங்கையும் ஆளுக்கொரு வடமாகப் பிரித்துக்கொள்ள நினைக்கிறீர்கள். கும்பகோணத்தில் ஒரு கடைக்காரர் ஒரு முத்தைப் பல்லில் உரசிப் பார்த்து "அசல்" என்றார். தஞ்சாவூரில் இன்னொருவர் "கல்ச்சர் முத்துதான், மதிப்பு ஒன்றுமில்லை" என்றார். வீட்டுப் பெரியவர்களோ அது பஸ்ரா முத்து என்று சொல்லி வருகிறார்கள். இவர்களில் யார் சொல்வது சரி, முத்தின் தரத்தை எதை வைத்து முடிவு செய்வது என்பது உங்கள் கேள்வி. உண்மையில் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: இது முத்தா, முத்தைப் போலச் செய்த மணியா; முத்து என்றால் கடலில் தானாக விளைந்ததா, மனிதர் விளைவித்ததா (இதைத்தான் கல்ச்சர் அல்லது வளர்ப்பு முத்து என்கிறோம்); எவ்வாறு பிறந்திருந்தாலும் தரத்தில் நல்லதா. இந்த மூன்றுக்கும் சோதனைகள் வேறு வேறு. ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்கும் விடையாக எடுத்துக்கொள்வதால்தான் உங்களுக்கு மூன்று விதமான தீர்ப்புகள் கிடைத்திருக்கின்றன.

நான் ரத்தினவியல் படித்தவன்; பழைய நகைகளில் உள்ள கற்களையும் முத்துக்களையும் மதிப்பிட்டுச் சொல்வதே பல ஆண்டுகளாக எனக்குத் தொழில். ஆனாலும் நீங்கள் இணைத்திருக்கும் கைபேசிப் படத்தை வைத்து உங்கள் மாலையைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். முத்தின் ஒளியையும் நிறத்தையும் கைபேசி தன் போக்கில் திருத்திவிடுகிறது; அவ்விரண்டும்தான் இங்கே முதன்மையானவை. எனவே நீங்களே வீட்டில் எதைப் பார்க்கலாம், எதை வெறுங்கண்ணால் ஒருபோதும் முடிவு செய்ய முடியாது என்பதைப் பிரித்துச் சொல்கிறேன்.

முத்து, சிப்பி தன் ஓட்டின் உட்புறத்துக்குப் பூசும் அதே பொருளால் ஆனது. அரகோனைட் என்னும் கால்சியம் கார்பனேட் படிகங்கள் மிக மெல்லிய தகடுகளாக, ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மைக்ரான் கனத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, கான்கியோலின் என்னும் புரதத்தால் ஒட்டப்பட்டிருக்கும். இந்த அடுக்கை முத்துப்படலம் என்கிறோம். அதன் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் சுமார் 2.5 முதல் 4.5 வரைதான், மாணிக்கத்துக்கு 9. மற்ற ரத்தினங்களைப் போல முத்தைச் சாணை பிடித்துப் புதிதாக்க முடியாது, அமிலம் பட்டால் கரையும், புரதம் உலர்ந்தால் மஞ்சளிக்கும். தரத்தைப் பற்றிய பேச்சு முழுவதும் இந்தப் படலம் எவ்வளவு கனமாக, எவ்வளவு ஒழுங்காக அமைந்திருக்கிறது என்பதில்தான் வந்து நிற்கிறது.

முதல் கேள்விக்குப் பல் சோதனை ஓரளவு விடை தரும். முன்பல்லின் விளிம்பில் மெதுவாக உரசினால், முத்துப்படலத்தின் தகடுகள் நுண்மணலைப் போல நெருடும். கண்ணாடி மணிமேல் மீன்செதில் பூச்சு ஏற்றிய போலி முத்து வழுக்கும். கும்பகோணத்துக் கடைக்காரர் கண்டது இதைத்தான். அது போலி அன்று என்பதற்கு நல்ல சான்று, ஆனால் அதற்குமேல் ஒன்றுமில்லை, ஏனெனில் வளர்ப்பு முத்தின் மேற்புறமும் அதே படலம்தான், அதுவும் அதே போல நெருடும். நான் இந்தச் சோதனையைச் செய்வதில்லை. மேற்பரப்பில் கீறல் விழ வாய்ப்பு உண்டு. இரண்டு முத்துக்களை ஒன்றோடொன்று மிக இலேசாக உரசினாலும் அதே நெருடல் தெரியும். இன்னும் நல்ல வழி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் துளையின் வாயைப் பார்ப்பது. போலியில் துளையைச் சுற்றிப் பூச்சு உரிந்தோ சுருங்கியோ இருக்கும். உள்ளே கண்ணாடியின் பளபளப்போ பிளாஸ்டிக்கோ தெரியும். முத்தில் துளையின் விளிம்பு சுண்ணாம்பு உடைந்தது போன்று மங்கலாக, உரியாமல் இருக்கும். கையில் குளிர்கிறதா என்று பார்ப்பது பயனற்றது, கண்ணாடியும் குளிரும்.

இரண்டாவது கேள்வியில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. வளர்ப்பு முத்தும் உயிருள்ள சிப்பிக்குள் விளைந்த முத்துதான். கடல் முத்துச் சிப்பியினுள் நன்னீர் மட்டியின் ஓட்டிலிருந்து கடைந்தெடுத்த உருண்டை ஒன்றையும் வேறொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் மனிதர் வைக்கிறார். சிப்பி அந்த உருண்டையின்மேல் படலம் பூசுகிறது. நன்னீர் முத்துக்களில் பெரும்பாலும் உருண்டை வைப்பதில்லை, சதைத் துணுக்கு மட்டுமே வைக்கிறார்கள். ஜப்பானில் மிகிமோட்டோ 1893-இல் அரைக்கோள முத்துக்களை விளைவித்தார். முழு உருண்டை முத்துக்கள் 1920-களில்தான் உலகச் சந்தைக்குப் பெருமளவில் வந்தன. நம் நாட்டில் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி 1973-இல் மன்னார் வளைகுடாச் சிப்பியிலேயே உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். ஆகவே "கல்ச்சர்" என்பது போலி என்னும் பொருளில் வருமானால் அது தவறு. ஆனால் விலையைப் பொறுத்தவரை வேறுபாடு மிகப் பெரியது. நல்ல இயற்கை முத்து இன்று அரிது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை, பாரசீக வளைகுடாவின் தொழிலோ 1930-களிலேயே சரிந்துவிட்டது.

பஸ்ரா முத்து என்று நம் பக்கத்தில் சொல்வது பாரசீக வளைகுடாவில் விளைந்து, வணிகர் வழியாகப் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து நாடெங்கும் பரவிய இயற்கை முத்து. டெல்டாவின் பழைய வீடுகளில் அது இருப்பது வியப்பன்று. ஆனால் அதே பெயரைச் சொல்லிப் பிற்காலத்தில் ஜப்பானிய முத்துக்களும், பின்னர் சீன நன்னீர் முத்துக்களும் விற்கப்பட்டிருக்கின்றன. ஹைதராபாத் முத்து என்ற பெயரும் இத்தகையதே: அந்த நகரம் முத்துக்களைத் துளையிட்டுக் கோத்து விற்கும் பெரிய சந்தை, முத்து விளையும் இடம் அன்று. ஊர்ப்பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உங்கள் பாட்டியின் திருமணப் புகைப்படத்தில் அந்த மாலை தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள், அல்லது அதற்கு முந்தைய தலைமுறையின் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மாலை 1920-க்கு முற்பட்டது என்று உறுதியாகுமானால், அது இயற்கை முத்தாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். இடையில் அறுந்து, உதிர்ந்த முத்துக்களுக்கு ஈடாகப் புதியவை சேர்த்துக் கோத்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். பழைய மாலைகளில் நான் அடிக்கடி காண்பது இந்தக் கலப்பைத்தான்.

துளைக்குள் லென்ஸ் வைத்துப் பார்த்தால் சில வளர்ப்பு முத்துக்கள் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்: மேலே மெல்லிய படலம், அதன்கீழ் கருமையான ஒரு கோடு, அதற்குள் வேறு தன்மையுள்ள உருண்டை. அந்தக் கோடு தெரிந்தால் வளர்ப்பு முத்து என்று உறுதியாகச் சொல்லலாம். தெரியாவிட்டால் இயற்கை முத்து என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் உருண்டை வைக்காத முத்தில் அந்தக் கோடே இருக்காது. இந்த இடத்தில் அனுபவமுள்ள கண்ணும் நின்றுவிடுகிறது. மேற்கொண்டு போக எக்ஸ்ரே வேண்டும். இயற்கை முத்தின் எக்ஸ்ரே படத்தில், வாழைத்தண்டைக் குறுக்கே அரிந்தால் தெரியும் வளையங்களைப் போல, நடுவிலிருந்து வெளிவரை வளர்ச்சிக் கோடுகள் தெரியும். உருண்டை வைத்த முத்தில் அந்த உருண்டையே தனியாகத் தெரியும். நன்னீர் வளர்ப்பு முத்தில் நடுவே ஒழுங்கற்ற சிறு வெற்றிடம் தெரியும். உருண்டை இல்லாமல் விளைந்த சிறு கடல் வளர்ப்பு முத்துக்களை இயற்கை முத்திலிருந்து பிரிப்பது ஆய்வகங்களுக்கே கடினம். அதற்கு நுண் சி.டி. ஸ்கேன் தேவைப்படுகிறது. மும்பை, ஜெய்ப்பூர் போன்ற நகரங்களின் ரத்தின ஆய்வகங்களில் முத்துச் சோதனை செய்கிறார்கள். கடை மேசையில் உட்கார்ந்தபடி "இயற்கைதான்" என்றோ "கல்ச்சர்தான்" என்றோ ஒரே பார்வையில் சொல்பவர், துளையில் அந்தக் கோட்டைக் கண்டிருந்தாலன்றி, ஊகத்தைத்தான் சொல்கிறார்.

இனி மூன்றாவது, என் பார்வையில் மிகவும் சுவையான கேள்வி: தரம். உலகெங்கும் மதிப்பீட்டாளர்கள் அளவு, வடிவம், நிறம், ஒளி, மேற்பரப்பு, படலத்தின் கனம், இணை சேர்தல் என்னும் ஏழையும் பார்க்கிறார்கள். இவை சம எடை உள்ளவை அல்ல. நான் ஒளியைத்தான் முதலில் பார்ப்பேன். நம் பொற்கொல்லர்கள் நீரோட்டம் என்று சொல்வது இதையே. ஒளி இறந்த முத்து எவ்வளவு பெரிதாக, எவ்வளவு உருண்டையாக இருந்தாலும் அதை நல்ல முத்து என்று என்னால் சொல்ல முடியாது. காலை பத்து மணியளவில், நேர் வெயில் படாத வடக்குப் பார்த்த சன்னலின் அருகே, வெள்ளை அல்லது சாம்பல் நிறத் துணியில் மாலையை விரித்து வையுங்கள். கடையின் மஞ்சள் விளக்குகள் எல்லா முத்துக்களையும் அழகாக்கிவிடும், அங்கே பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முத்திலும் சன்னலின் பிம்பத்தைத் தேடுங்கள். சன்னல் கம்பிகள் கூர்மையாகத் தெரிந்தால் ஒளி மிக நன்று. சன்னல் இருப்பது தெரிகிறது ஆனால் விளிம்பு குழம்பியிருக்கிறது என்றால் நடுத்தரம். வெறும் வெளிறிய திட்டு மட்டும் தெரிந்தால், அல்லது முத்து சுண்ணாம்பு உருண்டையைப் போலத் தோன்றினால், ஒளி குறைவு. பிறகு வடத்தைத் துணியின்மேல் மெல்ல உருட்டுங்கள். சில முத்துக்கள் உருளும்போது ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் இருளாகவும் மாறி மாறிக் கண்சிமிட்டினால், படலம் மிக மெலிந்து உள்ளிருக்கும் உருண்டையின் கோடுகள் வெளியே தெரிகின்றன என்று பொருள். அக்கோயா என்னும் ஜப்பானியக் கடல் வளர்ப்பு முத்து வகையில் படலம் அரை மில்லிமீட்டராவது இருந்தால் நல்லது. ஆஸ்திரேலியா, இந்தோனேசியா பக்கத்துப் பெரிய முத்துக்களில் அது இரண்டு மில்லிமீட்டரையும் தாண்டும். மெலிந்த படலம் இன்று பளபளத்தாலும் சில ஆண்டுகளில் துளையோரமாக உடைந்து உரியத் தொடங்கும்.

இந்த அளவுகோல்கள் நமக்கு வெளியிலிருந்து வந்தவை அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் பொறிக்கப்பட்ட கொடைக் கல்வெட்டுகள் ஒவ்வொரு நகையிலும் இருந்த முத்துக்களை எண்ணி, வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என வடிவத்தாலும் மேற்பரப்பாலும் பிரித்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று ஒளியாலும் வேறுபடுத்தி, தோல் தேய்ந்தவற்றைத் தனியே குறித்து, தட்சிணமேருவிடங்கன் என்னும் எடைக்கல்லால் நிறுத்துப் பதிவு செய்திருக்கின்றன. முழு வட்டத்தையும் அதற்கு அடுத்து வருவதையும் பிரித்து எழுதிய கோயில் கணக்கரின் கண்ணை நான் பெரிதும் மதிக்கிறேன். மன்னார் வளைகுடாச் சலாபங்களில், அதாவது முத்துக்குளிப்புக் களங்களில், வணிகர்கள் பிற்காலத்திலும் இதே வழியில் நின்றனர்: 20 துளையுள்ளதிலிருந்து 1000 துளையுள்ளது வரை பத்துப் பித்தளைச் சல்லடைகளில் அளவுவாரியாகச் சலித்து, பின்னர் உருண்டையிலும் ஒளியிலும் குறையற்றதை ஆணி என்றும், அதற்கு ஒரு படி குறைந்ததை அணாதாரி என்றும், இப்படியே வடிவு, குறுவல், பீசல், தூள் வரை தரம் பிரித்தனர்.

வடிவத்தில் முழு உருண்டைக்கே பொதுவாக விலை அதிகம். சமச்சீரான துளி வடிவமும் மதிக்கப்படும், குறிப்பாகப் புல்லாக்கில் தொங்கவிடுவதற்கு. நிறத்தைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டாம். வெள்ளை உயர்ந்தது, பாலேட்டு நிறம் தாழ்ந்தது என்று விதி இல்லை. பாரசீக வளைகுடா முத்துக்களும் நம் தூத்துக்குடி முத்துக்களும் பெரும்பாலும் பாலேட்டு நிறச் சாயல் உள்ளவையே. உடல் நிறத்தின்மேல் இளஞ்சிவப்போ பச்சையோ ஒரு மேல்சாயல் மிதந்தால் அது சிறப்பு. மாலை முழுவதும் ஒரே சீரான பளீர் வெள்ளையாக இருந்தால், வெளுக்கப்பட்டிருக்கலாம்; துளையின் ஓரத்திலோ நூலிலோ நிறம் திரண்டிருந்தால் சாயம் ஏற்றப்பட்டிருக்கிறது. மேற்பரப்பில் சிறு குழிகளும் புள்ளிகளும் இருப்பது இயல்பு. அவை துளைக்கு அருகில் இருந்தால் பெரிய குறையன்று, முகப்பில் இருந்தால் குறைதான். படலத்தில் விரிசல் இருந்தால் எங்கிருந்தாலும் குறை. ஒன்று சொல்லிவிடுகிறேன்: விற்பவர்கள் சொல்லும் "ஏஏஏ" தரத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு விற்பனையாளரும் தம் சரக்குக்குத் தாமே இட்டுக்கொள்ளும் குறி அது. ஒரு கடையின் ஏஏஏ மற்றொரு கடையின் ஏ-வாக இருக்கக்கூடும்.

அளவைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் பாகப்பிரிவினைக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்று வருகிறது. வளர்ப்பு முத்துக்கு மில்லிமீட்டர் விட்டத்தைக் கொண்டு விலை சொல்கிறார்கள். இயற்கை முத்து வணிகத்திலோ, எடையை அதே எடையால் பெருக்கி, அதை அடிப்படை விலையால் மீண்டும் பெருக்குவது நெடுங்கால வழக்கம். கிரெயின் என்னும் எடையில் கணக்கிட்டால், நான்கு கிரெயின் உள்ள ஒரு முத்துக்கு 4 × 4, அதாவது அடிப்படை விலையைப் போல 16 மடங்கு. ஒரு கிரெயின் உள்ள நான்கு முத்துக்களுக்குச் சேர்த்தே 4 மடங்குதான். மொத்த எடை ஒன்றே, மதிப்பு நான்கில் ஒரு பங்கு. உங்கள் மாலையில் முத்துக்கள் நடுவில் பெரிதாகவும் பின்கழுத்துப் பக்கம் சிறிதாகவும் இறங்கி வருகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். வெளி வடத்தின் நடு முத்துக்கள் உள் வடத்தினுடையவற்றைவிடச் சற்றே பெரியவையாக இருந்தாலும், இயற்கை முத்தானால், ஆளுக்கொரு வடம் என்பது சமபங்கு ஆகாது. தராசில் சமமாக நின்றாலும் ஆகாது. மேலும், ஒளியும் நிறமும் அளவும் ஒன்றுக்கொன்று இசைந்த முத்துக்களை இத்தனை சேர்ப்பது கடினமான வேலை. அந்த இணை சேர்தலுக்கும் ஒரு மதிப்பு உண்டு. எனவே சோதனை முடியும்வரை மாலையைப் பிரிக்க வேண்டாம் என்பது என் அழுத்தமான ஆலோசனை.

தஞ்சாவூர்க்காரர் சொன்ன "மதிப்பில்லை" என்பதை அவர் நிற்கும் இடத்திலிருந்து புரிந்துகொள்ள வேண்டும். பழைய நகையை வாங்கும் கடைகள் பெரும்பாலும் கல்லையும் முத்தையும் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டுமே பணம் தருகின்றன. முத்தை மறுபடி விற்கும் வழி அவர்களிடம் இல்லை. அவர் சொன்னது தம் கடையில் அதற்கு விலை இல்லை என்பதுதான். நன்னீர் முத்துக்கள் சீனாவிலிருந்து ஏராளமாக வருவதால் சாதாரண வளர்ப்பு மாலைக்கு மறுவிற்பனை மதிப்பு மிகக் குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் உங்கள் மாலை எந்த வகை என்று தெரியும்முன்னே அந்தத் தீர்ப்பை ஏற்க வேண்டியதில்லை.

சந்திரன் தலமான திங்களூர் சென்று வந்த பின் இதிலிருந்து ஒரு முத்தை எடுத்துத் தங்கைக்கு மோதிரம் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சோதிடப் பலன் என் துறை அன்று, அது குறித்து நான் பேசவில்லை. மோதிரத்துக்கு முத்து ஏற்ற கல் அன்று என்பதை மட்டும் சொல்வேன்: மோதிரம் நாள்தோறும் பாத்திரத்திலும் சோப்பிலும் படும், இத்தனை மென்மையான பொருள் விரைவில் தேயும். செய்தே ஆக வேண்டுமானால், இசைந்த மாலையிலிருந்து எடுக்காமல் வேறொரு முத்தை வாங்கிச் செய்யுங்கள். பற்றவைப்பும் அமிலத்தில் முக்குவதும் முடிந்த பிறகே முத்தைப் பதிக்கும்படி பொற்கொல்லரிடம் சொல்லுங்கள்.

மாலை மங்கியிருப்பதால் புளி கரைத்துக் கழுவலாம் என்று உங்கள் அத்தை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவு செய்து வேண்டாம். தங்கத்துக்கும் பித்தளைக்கும் புளி நல்லது. முத்துக்கு அதிலுள்ள டார்டாரிக் அமிலம் நஞ்சு, எலுமிச்சையும் அப்படியே. மேல்தகடுகளை அது கரைத்துவிட்டால் போன ஒளி திரும்பாது. மென்மையான பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஒவ்வொரு முத்தாகத் துடைத்து, நிழலில் உலர்த்தினால் போதும். வியர்வையும் தலைக்குத் தேய்த்த எண்ணெயும் வாசனைத் திரவியமும் படிந்துதான் பெரும்பாலும் ஒளி மங்குகிறது. அவ்வாறாயின் இத்துடன் ஓரளவு தெளியும். படலமே தேய்ந்திருந்தால் எதுவும் செய்வதற்கில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் துணிப்பையில் வையுங்கள். டெல்டாவின் ஈரக் காற்றில் பழைய பட்டு நூல் இற்றுப்போயிருக்கும், ஆகவே கோத்த நிலையில் தூக்கி ஆட்ட வேண்டாம்.

ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்தால், முதலில் உங்கள் கண்முன்னே இரு வடங்களின் முத்துக்களையும் எண்ணி, மொத்த எடையைக் குறித்து, வடம் வாரியாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் இயற்கை முத்துக்கள் எத்தனை, வளர்ப்பு முத்துக்கள் எத்தனை, நன்னீரா கடல்நீரா, சாயமோ வெளுப்போ உண்டா என்பவை தனித்தனியே வர வேண்டும் என்று கேளுங்கள். மாலை கலப்பாக இருந்தால் எந்த முத்து எந்த வகை என்று வரிசை எண்ணோடு குறித்துத் தரும்படியும் கேளுங்கள். அந்த அறிக்கை கைக்கு வந்த பிறகே நூலை அறுத்து, முத்துக்கு முத்து முடிச்சிட்டுப் புதிதாகக் கோக்கக் கொடுங்கள். கோப்பவர் துளையைப் பெரிதாக்க வேண்டும் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். மெல்லிய ஊசியும் மெல்லிய பட்டு நூலும் வைத்திருக்கும் வேறொருவரிடம் கொண்டு செல்லுங்கள்.